ஒன்பதால் வகுபட்ட மௌனம்

கூட்ட அறையின் திரையில் அட்டவணை விழுந்ததும் என் கண் நேராகக் கடைசி வரிக்குப் போனது. கணக்குப் பிரிவில் ஊறியவர்களுக்கு இது ஒரு வியாதி. தலைப்பு என்ன, விளக்கம் என்ன என்று பார்க்க மாட்டோம். கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்றுதான் பார்ப்போம். பொருந்தவில்லை. காலையில் பேரேட்டில் நான் பார்த்த தொகைக்கும் திரையில் இருந்த தொகைக்கும் 1,800 வித்தியாசம்.

1,800 ஒன்பதால் மீதியின்றி வகுபடும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழைய தடயம். ஓர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால் வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 54ஐ 45 என்று எழுதினால் 9 குறையும். 72ஐ 27 என்று எழுதினால் 45 குறையும். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான். திரையில் மேலிருந்து தேடிக்கொண்டே வந்தேன். நான்காவது வரியில் 84,600 என்று இருந்தது. வவுச்சரில் இருந்தது 86,400. ஆறும் நான்கும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த நாற்பது நிமிடமும் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அறையில் பன்னிரண்டு பேர். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருவேளை நான் பார்த்தது பழைய வவுச்சராக இருக்கலாம் என்று தோன்றியது. ஒருவேளை நடுவில் திருத்தம் வந்திருக்கலாம், எனக்குத்தான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டு அது தவறாகப் போனால்? பதினாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று யாராவது நினைத்தால்? பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடிந்தது. 84,600 அறிக்கைக்குள் போனது. அந்த அறிக்கை இன்னோர் அறிக்கைக்குள் போனது.

பதினோரு நாள் கழித்து, வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் அதைப் பிடித்தார். அட்டவணையைத் தட்டச்சு செய்தவன் என் பக்கத்து மேசைப் பையன். வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மேலாளர் அறையில் அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். வெளியே வந்தபோது அவன் காது மடல் சிவந்திருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். “விடு தம்பி, இலக்கம் மாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். அன்றைக்குத் திரையில் பார்த்தபோதே...” என்று வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அன்றைக்கே தெரியுமா அக்கா?”

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

அதுவரை தன்னம்பிக்கைக் குறைவு என்பது என் சொந்தச் சங்கதி, தலைவலி மாதிரி, வலித்தால் எனக்குத்தானே வலிக்கிறது என்று இருந்தேன். அதற்கு அடக்கம் என்று பெயரும் வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் போட்டுவிட்டால் பயத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. நான்கு பேர் பாராட்டவும் செய்வார்கள், “அவங்க அதிர்ந்து பேச மாட்டாங்க” என்று. என் அடக்கத்துக்கான விலையை இன்னொருவன் நின்றுகொண்டு கட்டியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சரி, மாறிவிடலாம் என்று கிளம்பியவள் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும், நான் திறமைசாலி” என்று பத்து முறை சொல்லிக்கொண்டேன். ஏழெட்டு நாளில் ஒன்று தெரிந்தது. சொல்லச் சொல்ல, உள்ளே ஒரு குரல் கூடவே எழுந்து பதில் சொல்கிறது: “அப்படியா? அன்றைக்கு வாயே திறக்கவில்லையே?” எனக்குத்தான் இப்படி என்று வெட்கப்பட்டேன். பிற்பாடு படித்தபோது, கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. தன் மீதான மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள் ‘நான் அன்புக்குரிய மனிதன்’ என்பதுபோன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்துபோனார்களாம். ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் அது கொஞ்சம் உதவியது. பசித்தவனுக்குக் கிடைக்காமல் வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் போகும் விருந்து!

அடுத்து, நிற்கிற விதத்தை மாற்றிப் பார்த்தேன். இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, கால்களை அகட்டி, மார்பை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் துணிச்சல் வரும், உடலின் ஹார்மோன்களே மாறும் என்ற பேச்சு, 2010இல் வந்த ஓர் ஆய்வை வைத்து உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் நின்றேன். மூன்றாவது நாள் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. திறந்துகொண்டு வந்த சக ஊழியர், யாருடனோ சண்டைக்கு நிற்கிறேன் என்று நினைத்து மெதுவாகப் பின்வாங்கிப் போனார். அதற்குப் பிறகு துணிச்சல் இருந்ததும் போயிற்று. 2015இல் 200 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அப்படி நின்றவர்கள் ‘பலமாக உணர்ந்தோம்’ என்று சொன்னார்களே தவிர, ஹார்மோனிலும் நடத்தையிலும் மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே மறு வருடம் அதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதை முன்பே படித்திருந்தால் எனக்கு ஒரு சங்கடம் மிச்சமாகியிருக்கும்.

உருப்படியாக ஒன்று நடந்தது நீச்சல் குளத்தில்.

எனக்கு அப்போது 39 வயது. மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு இருப்பது தெரிந்து, என்ன வேகத்தில் என்று தெரியவில்லை, என் பெயரையும் கொடுத்துவிட்டேன். தண்ணீர் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்து பயம். குளத்தின் ஆழம் கழுத்துக்குக் கீழேதான். ஆனாலும் ஓரத்துக் கம்பியை விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தேன்.

பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலான மனித உடல்கள் தண்ணீரில் மிதக்கும் என்று விளக்கினார். பள்ளிப் பாடத்திலேயே எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்து என்ன செய்வது, என் விரல்களுக்குத் தெரியவில்லையே. இரண்டு வகுப்பு முழுக்க முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சுவிட்டுக் குமிழி கிளப்பியதோடு சரி. மிதக்கச் சொன்னால் கம்பியை விடவே மாட்டேன். மூன்றாவது வகுப்பில் அவர் கேட்டார்:

“மூழ்கிவிடுவோம் என்றுதானே பயப்படுகிறீர்கள்? சரி, மூழ்கிக் காட்டுங்கள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, குளத்தின் தரையில் போய் உட்காருங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.”

இழுத்துக்கொண்டு அமிழ்ந்தேன். முழங்காலை மடக்கினேன். தரை அங்கேதான் இருக்கிறது, நீல ஓட்டின் கட்டங்கள்கூடக் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிகின்றன. உட்கார முடியவில்லை. யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்குவதுபோல உடல் மேலே மேலே வருகிறது. கைகளால் தண்ணீரைத் தள்ளி இன்னொரு முறை முயன்றேன். மறுபடியும் தூக்கிவிட்டது. நான்காவது முறை தண்ணீருக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்து, காற்றெல்லாம் குமிழியாகப் போய், தும்மிக்கொண்டு எழுந்தேன். அன்று மாலை கம்பியை விட்டேன். நன்றாக நீந்த இன்னும் ஐந்து மாதம் பிடித்தது. அது வேறு கதை. பயம் மட்டும் அந்தத் தரையில் உட்கார முடியாத நிமிடத்தில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது.

நூறு பேர் வந்து ‘மூழ்க மாட்டாய்’ என்று சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். மூழ்க முயன்று தோற்ற பிறகு யாரும் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான். பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர்களை வைத்து அவர் வேலை செய்தார். ஒரு பிரிவினர், இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் துணையோடு படிப்படியாகத் தாங்களே பாம்பைத் தொட்டார்கள், பிடித்தார்கள். தொட்டவர்களுக்குத்தான் பயம் அதிகம் தெளிந்தது. ஒரு காரியத்தை நம்மால் செய்ய முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: நாமே செய்து பார்ப்பது, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், நம் உடலின் படபடப்பை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இந்த நான்கில் செய்து பார்ப்பதற்குத்தான் பலம் அதிகம். நான் அதுவரை மூன்றாவதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன், அதுவும் கண்ணாடி முன் எனக்கு நானே ஊக்கம் சொல்லிக்கொண்டு.

பண்டூராவிடம் எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. அவர் பேசுவது மொத்தமான தன்னம்பிக்கை பற்றி இல்லை, இந்த இந்தக் காரியத்தில் இவ்வளவு என்பது பற்றி. யோசித்துப் பார்த்தேன். பேரேட்டின் முன் என்னிடம் தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினால் பிழை எங்கே என்று மோப்பம் பிடித்துவிடுவேன். இல்லாமல் போனது, பன்னிரண்டு பேர் முன்னால் வாய் திறக்கிற அந்த ஒரு காரியத்தில். ‘எனக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்று மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டலம்தான் கனம் என்று தெரிந்தது பெரிய விடுதலை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எதில் இல்லை என்று குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள். பதில் நீங்கள் பயந்ததைவிடச் சிறியதாக வரக்கூடும்.

அந்தப் பொட்டலத்துக்கு நான் செய்த வைத்தியம் ஒரு நோட்டுப் புத்தகம். கணக்குக்காரிக்கு வேறென்ன தோன்றும்? நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்’, வலப்பக்கம் ‘என்ன நடந்தது’. கூட்டத்துக்கு முன் இடப்பக்கத்தை எழுதுவேன், முடிந்த பின் வலப்பக்கத்தை. மூன்று மாதத்தில் 31 பதிவுகள். பயந்தபடியே நடந்தது ஐந்து. அந்த ஐந்திலும் மறுநாள் வரை நினைவில் நின்றது இரண்டு.

ஒரு பதிவு இப்படி. இடப்பக்கம்: ‘செலவுக் கணக்கு பற்றிக் கேள்வி கேட்டால் மேலாளர் எரிச்சலடைவார்.’ வலப்பக்கம்: ‘“நல்ல கேள்வி, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். வேலை என் தலையில் விழுந்தது.’ இன்னொன்று. இடப்பக்கம்: ‘என் குரல் நடுங்குவதை எல்லோரும் கவனிப்பார்கள்.’ அன்று உண்மையிலேயே நடுங்கியது. முடிந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், “ரொம்ப நடுங்கியதா?” என்று. “எது?” என்றார்.

நம்மை மற்றவர்கள் கவனிப்பதாக நாம் நினைப்பதற்கும் அவர்கள் உண்மையில் கவனிப்பதற்கும் உள்ள தூரத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2000இல் வெளியிட்ட சோதனை அது. மாணவர்களுக்கு, அவர்கள் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, பிற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டுக்கொண்டவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். கவனித்திருந்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு அவரவர் டி-ஷர்ட் கவலை.

நோட்டுப் புத்தகத்தின் பலன் பயம் போனது அல்ல. பயம் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு கிடைத்தது. ஆறு முறை சொன்னால் ஒரு முறை பலிக்கிற ஜோசியக்காரரிடம் யாரும் முடிவு கேட்டுப் போவதில்லை அல்லவா?

அடுத்தது, எப்படிச் சொல்வது. இதில்தான் எனக்கு அதிகம் கற்க இருந்தது. வாய் திறக்கத் தொடங்கிய காலத்தில் நான் சொன்ன வாக்கியங்களை இப்போது நினைத்தால் கூசுகிறது. “மன்னிக்க வேண்டும், எனக்குத்தான் புரியாமல் இருக்கலாம், தவறாகக்கூட இருக்கலாம், ஒருவேளை அந்த நான்காவது வரி...” இதற்குள் பேச்சு ஆறாவது வரிக்குப் போயிருக்கும். சொன்னேன் என்று பெயர்தான். காதில் விழுகிற மாதிரிச் சொல்லவில்லை.

விமானத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயம் உயிர்ப் பிரச்சினை. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். வேகமெடுத்துக் கிளம்பிய விமானத்தின் அறையில் இருந்த பொறியாளர், இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டது குரல் பதிவில் இருக்கிறது. அனுபவம் மிகுந்த தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னதும் கேள்வி அடங்கிவிட்டது. சில நொடிகளில் மோதல். அந்த விபத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. வானொலித் தகவல்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டது உட்பட. என் 1,800ஐ அந்த 583 உயிர்களோடு ஒப்பிடுகிற அளவுக்கு எனக்குப் புத்தி மாறிவிடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அடங்கிய விதம் எனக்கு நன்றாகவே தெரிந்த விதம்.

அதற்குப் பிந்தைய வருடங்களில், கீழே இருப்பவர் எப்படிச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையே விமானிகளுக்குப் பாடமாக்கினார்கள். அதில் சொல்லித்தரும் வரிசை ஒன்றை எனக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டேன். முதலில் ஆளைக் கூப்பிடுவது. பிறகு எனக்கு ஒரு கவலை இருக்கிறது என்பது. பிறகு கண்ணால் கண்டது. பிறகு என்ன செய்யலாம் என்பது. கடைசியில் சரிதானா என்று கேட்பது. என் வாயில் அது இப்படி ஆயிற்று: “சார், ஒரு நிமிடம். நான்காவது வரியில் ஒரு சந்தேகம். வவுச்சரில் 86,400, திரையில் 84,600. அனுப்புவதற்கு முன் வவுச்சரைப் பார்த்துவிடுகிறேன், சரியா?” மொத்தம் பத்து நொடி. இதில் மன்னிப்பும் இல்லை, யார் மேலும் பழியும் இல்லை. நான் கெட்டிக்காரி என்பதை நிரூபிக்க வேண்டிய பாரமும் இல்லை. இரண்டு எண்களை அருகருகே வைத்துவிட்டேன், மிச்சத்தை அவை பேசிக்கொள்ளும்.

இன்னொரு சின்ன உபாயம், கூட்டம் தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் எதையாவது பேசிவிடுவது. தேதி என்ன என்று கேட்பதாக இருந்தாலும் போதும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். யார் எவர் என்று தெரிந்துகொள்ள மட்டுமில்லை. ஒரு முறை குரல் கொடுத்துவிட்டவர், பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் சொல்லத் தயங்குவது குறையும். எனக்கு இது அப்படியே பொருந்தியது. முதல் வார்த்தைதான் தொண்டையில் கல். அதை முன்பே ஒரு சாதாரண விஷயத்துக்குத் துப்பிவிட்டால் முக்கியமான விஷயம் வரும்போது பாதை திறந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தன்னம்பிக்கை பற்றிய அறிவுரைகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பேசாதவர்கள் எல்லோரையும் அவை கோழைகளாக்கிவிடுகின்றன. இதற்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கேள்வி கேட்டவருக்கு மறு வாரமே வேண்டாத பிரிவுக்கு மாற்றல் வந்துவிடும். மூன்று பேருக்கு வந்ததை நான் பார்த்தேன். அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்தது தன்னம்பிக்கைக் குறைவே இல்லை, சரியான கணிப்பு. அங்கே செய்ய வேண்டியது வேறு வேலை தேடுவது, அதைத்தான் செய்தேன். சிக்கல் என்னவென்றால், அங்கே பழகிய மௌனத்தை, தேவையே இல்லாத புது இடத்துக்கும் சுமந்துகொண்டு வந்துவிட்டேன். விமானப் பயிற்சியில் தலைமை விமானிக்கும் சேர்த்துத்தானே பாடம் எடுக்கிறார்கள்? யாராவது உங்களிடம் ‘தைரியமாகப் பேசு’ என்றால், பேசிய கடைசி ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு வருடத்தில் அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கணக்கு இடித்தால் “அவங்களிடம் காட்டுங்கள்” என்பார்கள். பெயர் வந்தால் தலைக்கும் ஏறும் அல்லவா? ஒரு மாத முடிவில் 1,350 வித்தியாசம் வந்தது. தாளைக்கூட முழுதாகப் பார்க்காமல், “ஒன்பதால் வகுபடுகிறது. இலக்கம் மாறியிருக்கிறது, தேடுங்கள்” என்றேன். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, கம்பீரமாகத்தான் இருந்தது. மூன்று பேர் அரை நாள் தேடினார்கள். எந்த இலக்கமும் மாறியிருக்கவில்லை. 1,350க்கு ஒரு வவுச்சர் ஏற்றப்படாமலே விடுபட்டுப் போயிருந்தது. அந்தத் தொகை தற்செயலாக ஒன்பதால் வகுபட்டது, அவ்வளவுதான். இலக்கம் மாறினால் ஒன்பதால் வகுபடும் என்பது உண்மை. ஒன்பதால் வகுபட்டாலே இலக்கம் மாறியதாக ஆகிவிடாது. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிகிற தர்க்கம்.

1999இல் டன்னிங், க்ரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தேர்வில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள், உண்மையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அறுபது பேருக்கு மேல் முந்தியதாக நம்பினார்கள். அதைப் படித்தபோது நான் யாரையோ நினைத்துச் சிரித்திருந்தேன். அன்று அந்த மூன்று பேரின் மேசைக்கும் போய், “நான் சொன்னது தவறு. பார்க்காமல் சொல்லிவிட்டேன். உங்கள் அரை நாள் போயிற்று” என்றேன். ஒருவர் உண்மையிலேயே கோபத்தில் இருந்தார், பதில் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அதை வலப்பக்கம் எழுதினேன். இடப்பக்கம் காலியாக இருந்தது. அன்றைக்கு எனக்குப் பயமே இல்லையே.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்தே சொல்வது. ‘இது நிச்சயம், வவுச்சரைப் பார்த்தேன்.’ ‘இது ஊகம், பார்க்கவில்லை.’ ‘தெரியாது, நாளை பதினொரு மணிக்குள் சொல்கிறேன்.’ மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. நேரம் குறித்துச் சொல்கிற ‘தெரியாது’வை யாரும் குறைவாக நினைப்பதில்லை என்பது நோட்டில் பதிவாகியிருக்கிறது.

வீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நான் இன்னும் தேறவில்லை. எந்த முடிவு என்றாலும் தங்கையைக் கேட்பேன், தோழியைக் கேட்பேன், கணவரைக் கேட்பேன், மூவரும் மூன்று சொன்னால் நான்காவது ஆளைத் தேடுவேன். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: யாரையும் கேட்பதற்கு முன் என் முடிவைத் துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். கேட்டுவிட்டு வந்து பிரித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் எல்லோரையும் கேட்டு முடித்து வந்து சேர்கிற இடமும் தாளில் இருக்கிற இடமும் ஒன்றாகவே இருக்கும். கேட்கிற ஆட்களின் எண்ணிக்கை மெல்லக் குறைந்திருக்கிறது. கணவருக்கு இதில் ரகசிய மகிழ்ச்சி என்று சந்தேகப்படுகிறேன்.

மகள் விஷயம் வேறு. அவளுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளியில் ஒப்பிக்க வேண்டிய பாடத்தை என்னிடம் சொல்லிக் காட்டினாள். தொடக்கமே, “தப்பாக இருக்கலாம்மா, ஆனால்...” பாடம் முழுக்கச் சரியாகத்தான் சொன்னாள். எங்கிருந்து இந்த வாக்கியத்தைப் பிடித்தாய் என்று கேட்டேன். “நீ போனில் எப்போதும் அப்படித்தானே ஆரம்பிப்பாய்?” என்றாள். பண்டூராவின் இரண்டாவது வழி, பார்த்துக் கற்பது, என் வீட்டுக்குள்ளேயே, எனக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு போனை எடுக்கும்போது அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வேன். அவள் இருந்தால் மன்னிப்பில்லாமல் தொடங்குவேன். இல்லாவிட்டால்... சில பழக்கங்கள் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

பக்கத்து மேசைப் பையன் இப்போது வேறோர் இடத்தில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளன். மணமாகிவிட்டது, முன்நெற்றி ஏறிவிட்டது, எனக்கு மட்டும் இன்னும் தம்பி. போன மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேல் அவனிடமிருந்து செய்தி வந்தது.

“அக்கா, நாளை இயக்குநர்களுக்குப் போகும் தாளில் 2,700 இடிக்கிறது. தயாரித்தது எனக்கு மேலே இருப்பவர்.”

“ஒன்பதால் வகுபடுகிறது என்று சொல்லிவிடாதே. வவுச்சரைப் பார்த்தாயா?” என்று தட்டினேன்.

“பார்த்துவிட்டேன். 63,000ஐ 60,300 என்று போட்டிருக்கிறார். படம் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் சொல்லட்டுமா?”

அவனுக்குத் தெரியாதது எதுவுமே அதில் இல்லை. அவனிடமும் என்னைப் போல ஒரு நோட்டு இருந்தால், அதன் இடப்பக்கத்தில் என்ன எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் ஏதோ நீளமாகத் தட்டத் தொடங்கி, அழித்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டேன்:

“காலையில் எதற்கு? அவர் இன்னும் விழித்துக்கொண்டுதானே இருப்பார்?”

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று வந்தது.